முன்வாசல் மேசை

கரண்டிக்காரர் என்றால் அந்தச் சந்தையில் தெரியாதவர் கிடையாது. பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றவர். இரும்பைக் கடைந்து பழகிய கை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்றது. வீட்டுக்குப் பின்னால் வெட்டிப் போட்டிருந்த ஒரு கிளையை எடுத்துக் கத்தியால் சீவ ஆரம்பித்தார். முதலில் வந்தது கரண்டியாகவும் இல்லை, துடுப்பாகவும் இல்லை. இருபதாவதுதான் பார்க்கக் கரண்டி மாதிரி இருந்தது. நூறாவதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அவரே கொஞ்சம் அசந்துபோனார்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நகராட்சியின் சமூகக்கூடத்தில் கைவினைச் சந்தை கூடும். நாற்பது மேசை. தன் கையால் செய்ததை மட்டும்தான் விற்கலாம், வாங்கி விற்கிற வேலை ஆகாது. கரண்டிக்காரருக்கு ஜன்னலோரம் மூன்றாவது மேசை. பக்கத்து மேசையில் மெழுகுவத்தி அக்கா. அக்கா என்பது எல்லோரும் கூப்பிடுகிற பெயர்தான். வயதில் அவரைவிட ஐந்தாறு வருடம் சிறியவள்.

ஒரு கரண்டிக்கு ஒன்றரை நாள் ஆகும். செதுக்கி முடித்து, உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, நார் எழும்பியதும் மறுபடி தேய்த்து, எண்ணெய் பூசி மூன்று நாள் காயவைப்பார். வருகிறவர்கள் எடுத்துத் தடவுவார்கள். "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குங்க" என்பார்கள். அப்புறம், தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி பதமாகத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு விற்றால் நல்ல நாள். அவருக்கு அதில் குறையில்லை. "வாங்குறது வேற, மதிக்கிறது வேற" என்பார். ஆறு வருடம் அந்த மதிப்பிலேயே வயிறு நிறைந்திருந்தது.

மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற பெரிய சந்தையில், வாசலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற மேசையைச் சந்தை நடத்துகிற சங்கம் ஒரே ஒருவருக்குக் கொடுக்கும். அங்கே உட்கார்ந்து வந்தவர்கள் பார்க்கத் தன் வேலையைச் செய்துகாட்டலாம். அதற்கு முன்வாசல் மேசை என்றே பெயர். ஒரு வருடம் கூடை பின்னுகிறவருக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் மெழுகுவத்தி அக்காவுக்கு. இனி நம் முறைதான் என்று கரண்டிக்காரர் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. கரண்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏற முடியவில்லை. துணைக்கு அவருடைய வீட்டம்மா வந்தாள்.

வீட்டம்மா இருபது வருடம் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பிசிறு வெட்டிப் பொத்தான் சரிபார்த்தவள். வீட்டில் பழைய துணி கிடைத்தால் விடமாட்டாள். சூடான பாத்திரத்தை இறக்கப் பிடிதுணி தைப்பாள். சாதாரணப் பிடிதுணி இல்லை, குருவி வடிவத்தில் இருக்கும். கீழ் அலகுக்குள் கட்டைவிரல், மேல் அலகுக்குள் மற்ற நாலு விரல். பாத்திரத்தைப் பிடித்தால் குருவி கொத்துகிற மாதிரியே இருக்கும். வயிற்றுக்குள் கிழிந்த கம்பளித் துண்டு. கண்ணுக்கு இரண்டு பொத்தான், ஒன்றுக்கொன்று சேராதவை.

"அங்க வந்து சும்மா உட்கார்ந்திருந்தா எனக்குத் தூக்கம் வரும்ங்க. பத்துக் குருவி எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"கரித்துணியை எல்லாமா சந்தைக்குத் தூக்கிட்டு வருவாங்க?"

"ஓரமா வச்சுக்கறேன். உங்க கரண்டிக்குப் பக்கத்துலகூட வராது."

சரி என்று மேசையின் இடது மூலையில் ஒரு சாண் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

பதினொரு மணிக்குள் பத்துக் குருவியும் பறந்துவிட்டன. கடைசிக் குருவிக்கு இரண்டு பெண்கள் ஆளுக்கொரு இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுக்கா இந்தச் சண்டை! வீட்டுக்கு வந்தா இன்னும் நாலு இருக்கு, எடுத்துக்குங்க" என்றாள்.

கரண்டிக்காரரும் சிரித்தார். பல் மட்டும் சிரித்தது. அன்றைக்கு அவருடைய கரண்டி ஒன்றுகூடப் போகவில்லை.

அடுத்த மாதம் இருபத்தைந்து குருவி வந்தது. அதற்கடுத்த மாதம் நாற்பது. ஒரு சாண் இரண்டு சாண் ஆகி, மேசையில் பாதி ஆயிற்று. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அது இதுதான் என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் அவள் பிடுங்கவில்லை. வாங்க வந்தவர்கள்தான் கரண்டிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் குருவிகளைப் பரப்பிப் பார்த்தார்கள்.

அதைவிடக் கொடுமை, அந்தக் காக்கிக் குருவிகள். அவை அவர் தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போன சீருடைச் சட்டைகள். முப்பத்தொரு வருடம் வியர்வை சிந்திய சட்டை. அதை வெட்டி அலகு வைத்தால் ஜனம் அள்ளிக்கொண்டு போகிறது. அதே ஆள் ஒன்றரை நாள் உட்கார்ந்து செதுக்கினதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறது.

வீட்டம்மா அவருக்காகப் பரிந்து வேறு பேசினாள். குருவி வாங்குகிற ஒவ்வொருவரிடமும், "கரண்டியும் பாருங்கம்மா, எங்க வீட்டுக்காரர் செஞ்சது, ரொம்ப நல்லா இருக்கும்" என்பாள். ஒருத்தி அதற்காகவே ஒரு கரண்டி எடுத்தாள். "இந்த நீலக் குருவியோட சேர்த்துச் சுவத்துல மாட்டினா எடுப்பா இருக்கும்" என்றாள். கரண்டிக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் கொள்ளுப் போட்டிருந்தால் பொரிந்திருக்கும்.

மெல்ல மெல்லப் பெயரும் மாறியது. அவர் தனியாக இருக்கும் நேரத்தில் வருகிறவர்கள், "குருவியம்மா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கரண்டி பக்கம் திரும்பாமலே போனார்கள். ஒருநாள் பானை செய்கிறவர் புதிதாக வந்த ஒருவருக்கு அவரை அறிமுகப்படுத்தினார்: "இவர் நம்ம குருவியம்மா வீட்டுக்காரர்."

வீட்டில் பேச்சு குறைந்தது. அவள் தையல் இயந்திரத்தை மிதிக்கிற சத்தம் கேட்டாலே அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு குருவியை எடுத்துத் தையலைப் புரட்டிப் பார்த்தார். ஒரு நூல் தப்பவில்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஒரு வாரம் யாருக்கும் சொல்லாமல், பிடியின் நுனியில் குருவித் தலை வைத்த கரண்டி செதுக்கினார். அவர் ரோஷத்தை எவ்வளவு தூரம் விழுங்கியிருந்தால் அந்த வேலையில் இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அலகு இரண்டு முறை ஒடிந்தது. மூன்றாவதை மேசையில் வைத்தபோது வீட்டம்மா கன்னத்தில் கை வைத்து, "அட, எவ்வளவு அழகா இருக்கு மீன்!" என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது. அந்தக் கரண்டி அன்றைக்கே பெட்டியின் அடிக்குப் போயிற்று.

பெரிய சந்தைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சங்கச் செயலாளரிடமிருந்து அவர் கைபேசிக்குச் செய்தி வந்தது. செயலாளர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். எதையும் சுருக்கமாக எழுதுகிறவர். 'முன்வாசல் மேசை' என்ற முதல் இரண்டு சொல்லைப் படித்ததுமே கரண்டிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மிச்சத்தை நின்றுகொண்டு படித்தார். 'முன்வாசல் மேசை இந்த வருடம் உங்கள் வீட்டம்மாவுக்கு. குருவி தைப்பதை எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். சனிக்குள் சம்மதம் சொல்லுங்கள்.'

மறுபடி உட்கார்ந்தார். சமையலறையில் வீட்டம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "என்னங்க, யாரு?" என்று குரல் வந்தது.

"யாரும் இல்ல. விளம்பரம்."

மூன்று நாள் அந்தச் செய்தியைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். ஒரு தடவை அவள் வாயில் ஊசி இருந்தது. இன்னொரு தடவை மகளோடு தொலைபேசியில், "இந்த மாசம் அறுபது வேணுமாம், கை ஒடியுது போ" என்று சந்தோஷமாகச் சலித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சலிப்பைக் கேட்டதும் திறந்த வாய் மூடிக்கொண்டது. தன் சாமானைப் பற்றி அப்படிச் சலித்துக்கொள்ள அவருக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

சனிக்கிழமை காலை செயலாளருக்குப் பதில் எழுதினார். 'அவளுக்கு முடியாதுங்க. கண் பார்வை சரியில்லை. ஆபரேஷன் வேண்டியிருக்கும் போல. யாரிடமும் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாள்.'

கால் மணி நேரத்தில் மறுசெய்தி வந்தது. 'அடடா. கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் நீங்களே உட்காருங்களேன்.'

அதை எதிர்பார்க்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். எதிர்பார்த்தாரோ இல்லையோ, 'சரி' என்று எழுத அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டம்மாவிடம் சேதியைச் சொன்னபோது அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். "நிஜமாவா? உங்களுக்கா? நான்தான் சொன்னேனே, என்னிக்காவது கொடுப்பாங்கன்னு!" மகளுக்குச் சொன்னாள், எதிர்வீட்டுக்குச் சொன்னாள், பால் வாங்கப் போன கடையில் சொன்னாள். மேசை விரிப்புக்கென்று சாம்பல் நிறத்தில் துணி வாங்கி, நாலு பக்கமும் மடித்துத் தைத்தாள். "மரத்தோட நிறம் தூக்கிக் காட்டும்" என்றாள். அவர் சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரிப் பெட்டி போட்டாள். கரண்டிக்காரருக்கு ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறைகூட மேசையைவிடப் பெரிதாகத் தோன்றவில்லை.

பெரிய சந்தை அன்று அவள் ஒரு குருவிகூட எடுத்து வரவில்லை.

"எங்க உன் பை?"

"இன்னிக்கு உங்க நாள்ங்க. அதுங்க வேற நடுவுல எதுக்கு?"

முன்வாசல் மேசையில் உட்கார்ந்து கரண்டிக்காரர் செதுக்க ஆரம்பித்தார். தோள் நன்றாகிவிட்டிருந்தது. கூட்டம் சுற்றி நின்றது. வளைகத்தி கிண்ணப் பகுதியைக் குடைந்து எடுக்க எடுக்கச் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது; பிள்ளைகள் பொறுக்கின. ஆறு வருடக் கனவு. பத்தரை மணி வரைக்கும் அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

பத்தரைக்கு மெழுகுவத்தி அக்கா வந்தாள். நேராக வீட்டம்மாவிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"செயலாளரம்மா நேத்துதான் என்கிட்ட சொன்னாங்க. மனசு கேக்கல. கண்ணு எப்படி இருக்கு? ஆபரேஷன் எப்போ?"

"கண்ணா? யாருக்கு?"

"உங்களுக்குத்தான். அதனாலதானே இந்த மேசை வேண்டாம்னு சொல்லிட்டீங்களாம்? உங்களுக்குன்னு ஒதுக்கினது. பாவம், எவ்வளவு ஆசையா இருந்திருப்பீங்க!"

கத்தி நின்றுவிட்டது. கரண்டிக்காரர் தலையைத் தூக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவள் தன்னைப் பார்க்கிறாள் என்பது மட்டும் பிடரியில் உறைத்தது. எவ்வளவு நேரம் பார்த்தாளோ.

பிறகு வீட்டம்மாவின் குரல் கேட்டது. அமைதியாகத்தான் இருந்தது.

"கொஞ்ச நாளா மங்கலாத்தான் இருந்துச்சுக்கா. இப்பத்தான் நல்லாத் தெரியுது."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. சாயங்காலம் நாலு மணி வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாங்கியவர்களுக்குக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "குருவி இல்லையாம்மா?" என்று கேட்டவர்களிடம், "இன்னிக்கு இல்லீங்க" என்றாள். அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு முப்பத்திரண்டு கரண்டி விற்றது. அவர் வாழ்நாளில் அப்படி விற்றதில்லை. ஒவ்வொன்று போகும்போதும் அவர் குனிந்து சீவலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்தில் அவள் முன்னால் பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, விரிப்பை உதறி, கொடியில் போட்டு, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பின்வாசல் வழியாக வெயில் இன்னும் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"என் கண்ணுக்கு என்ன வியாதின்னு சொன்னீங்க?"

"அது... பொதுவாத்தான். பார்வை சரியில்லைன்னு."

"ஒரு கண்ணா, ரெண்டுமா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"சொல்லுங்க. யாராச்சும் கேட்டா நானும் அதையே சொல்லணுமில்ல?"

"ஏம்மா, தப்புதான். என்னமோ புத்தி கெட்டுப்போச்சு."

"புத்தி எல்லாம் கெடல. புத்தியோடதான் செஞ்சிருக்கீங்க. காரணத்தைச் சொல்லுங்க."

கரண்டிக்காரர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். தொழிற்சாலையில் மேலதிகாரியை எதிர்த்துப் பேசியவர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பொறாமை."

"யார் மேல?"

"உன் மேலதான். வேற யாரு இருக்கா?"

வீட்டம்மா அடுப்பை அணைத்தாள். தேநீரை ஒரே ஒரு கோப்பையில் ஊற்றினாள். அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"ஆறு வருஷம் இந்த வீடு முழுக்க மரத்தூள். சோத்துல தூள், பாயில தூள். ஒருநாள் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? 'அந்தக் கரண்டியில என்னதான் இருக்கோ'ன்னு எனக்கும் எரிஞ்சிருக்குங்க. நான் பேசினா காதுல விழாது, கரண்டியைப் பார்த்துட்டே இருப்பீங்க. அதுக்காக உங்க கையில வாதம்னு ஊர்ல போய்ச் சொன்னேனா?"

அவருக்கு அது புதுச் சேதி.

"செயலாளரம்மாகிட்ட நீங்களே போய் உண்மையைச் சொல்லணும். எனக்காக நான் போய்ச் சொல்லிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சந்தைக்கு அவள் வரவில்லை. அவரே பெட்டியைச் சுமந்துகொண்டு போனார். செயலாளர் அறை வாசலில் மூன்று முறை நின்றுவிட்டுத் திரும்பினார். நாலாவது முறை உள்ளே போய், முதலிலிருந்து கடைசி வரை, இடையில் நிறுத்தினால் ஓடிவிடுவோம் என்கிற பயத்தில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

செயலாளரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாற்பது மேசை இருக்குங்க இங்க. பக்கத்து மேசையைப் பார்த்து வயிறெரியாத ஆள் ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம். ஆனா கட்டினவ கண்ணைப் பிடுங்கினது நீங்க ஒருத்தர்தான்."

அவர் தலை குனிந்து நின்றார்.

"முன்வாசல்ல உட்கார்ந்தவங்க வரிசைன்னு பலகையில உங்களை எழுதியாச்சு. அதை என்ன பண்ணட்டும்?"

"அழிச்சிடுங்கம்மா."

"அவங்களை எழுதட்டுமா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தார். வீட்டம்மா குருவிக்குக் கண் தைத்துக்கொண்டே, "உட்காராத மேசைக்கு எதுக்கு என் பேரு?" என்றாள். அந்த வருடத்துக்கான இடம் பலகையில் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

அவள் தனக்கென்று ஒரு மேசை கேட்டு வாங்கிக்கொண்டாள். பின்வாசல் பக்கம், கடைசி வரிசை, அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் கூட்டத்தின் முதுகுகள் மட்டும் தெரிகிற தூரம். சங்கதி காதுக்கு எட்டியதிலிருந்து மெழுகுவத்தி அக்கா நாலு மாதம் கரண்டிக்காரரோடு பேசவில்லை. பக்கத்து மேசைக்காரி பேசாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காலையில் இருவரும் ஒரே பேருந்தில்தான் போவார்கள். மத்தியானம் கூடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். எத்தனை குருவி போயிற்று என்று அவர் கேட்பார். குறைத்துச் சொல்லாதே என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தார். அவள் குறைக்காமல் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அவர் சோற்றைக் கொஞ்சம் பிசைந்துவிட்டுத்தான் அடுத்த வாய் எடுப்பார்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யக்கூடாது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒருநாள் அவள் வந்து நின்றாள்.

"குருவிங்களைத் தொங்கவிட ஒரு சட்டம் வேணும். மேசை மேல நிக்கிற மாதிரி, மூணு கொம்பு வச்சு. வெளிய செய்யச் சொன்னா ஒரு மாசம் ஆகும்ங்கறாங்க. முடியுமா உங்களால?"

"பார்க்கலாம். கையில வேலை இருக்கு" என்றார். கையில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நல்ல கட்டையாகத் தேடி எடுத்தார். கால்களை அறுக்கும்போது மனம் ஒரு காரியம் சொன்னது. ஒரு காலில் ஒரு நூல் அளவு குறைத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது, ஆனால் சட்டம் ஆடிக்கொண்டே இருக்கும், குருவிகள் சரிந்துகொண்டே இருக்கும். ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு அளவுகோலை எடுத்து நாலு காலையும் இரண்டு தடவை அளந்து, சமமாக அறுத்தார். கொம்புகளைத் தேய்த்து எண்ணெயும் பூசினார். நாலு நாள் ஆயிற்று.

சந்தையன்று காலையில் தானே அதைச் சுமந்துகொண்டு போய்ப் பின்வாசல் மேசையில் வைத்தார். வீட்டம்மா சட்டத்தின் உச்சியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள்.

"ஆடல" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் மேசையைப் பார்க்க நடந்தார்.